ஆறு விநாடிச் சிரிப்பு

கொண்டல் டிவியின் எட்டு மணிச் செய்தியில் ஜெஸிந்தா சிரித்தது மொத்தம் ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியை அவர்கள் பதினொரு தடவை திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். பின்னணியில், சர்க்கஸ் கோமாளி வழுக்கி விழும்போது போடுகிற சத்தம். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து நகர்ந்தது: “யானை வந்தது தோட்டத்தில், அம்மணி பிஸி போனில்!” பிறகு ஒரு டீக்கடைக்காரரிடம் மைக்கை நீட்டினார்கள். அவர் அந்த இடத்திலேயே இல்லாதவர். “பொம்பளை கையில விசிலைக் கொடுத்தா இப்படித்தான்” என்றார். செய்தி வாசித்த பெண் அதற்கும் அழகாகச் சிரித்துவிட்டு, தங்கம் விலைக்குப் போனாள்.

சேரம்பாடிக்கு மேலே இருக்கும் கீழ்ப்பாறை எஸ்டேட்டில் மூன்றாம் டிவிஷன் சூப்பர்வைசர் ஜெஸிந்தா. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அந்த எஸ்டேட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பறிக்கிற கை பெண்ணுடையது, பின்னால் நின்று விசில் ஊதுகிற வாய் ஆணுடையது. எஸ்டேட் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வழக்கம் என்று காரணம் சொல்வார்கள். அவன் விட்டுப்போன பங்களாவுக்கு ஓடு மாற்றினார்கள், குளியலறைக்கு டைல்ஸ் போட்டார்கள். இந்த வழக்கத்தை மாற்ற மட்டும் எவருக்கும் கை வரவில்லை.

ஜெஸிந்தாவுக்கு அந்த வேலை கிடைத்தது யாரும் பெரிய மனது பண்ணி அல்ல. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மூன்றாம் டிவிஷன் யானை நடமாட்டமுள்ள பக்கம். ஆண்கள் ஒருவரும் கேட்டு வரவில்லை. ஃபீல்டு ஆபீசர் சந்துரு அவளிடம் விசிலைக் கொடுத்து, “தற்காலிகம்தானுங்க. ஏப்ரல் கடைசியில கன்ஃபர்ம் பண்றதா இல்லையான்னு பெரியவங்க முடிவு பண்ணுவாங்க” என்றார். யானைக்கு முன்னால் நிற்பதற்குப் பெண் போதும், ஆனால் நிரந்தரமாக நிற்பதற்குப் பெரியவர்கள் முடிவு பண்ண வேண்டும்.

விசில் வந்த முதல் வாரமே அவள் ஒரு முறையை ஏற்படுத்தினாள். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று வனக் காவலர் ஒருவர் விடியற்காலையில் அவளுக்குப் போன் செய்வார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ரோட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். அவள் அங்கே போய் நின்றுகொண்டு, டிவிஷனின் முப்பத்தொரு பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்த வழியாக வரலாம், எந்த வழி ஆகாது என்று சொல்வாள். வாட்ஸ்அப்பில் ஒரே தட்டாகத் தட்டிவிடலாமே என்று சந்துரு கேட்டார். “படிக்கத் தெரியாதவங்க ஒன்பது பேர் இருக்காங்க சார். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். போன் வராமல் யாரும் லயத்துப் படியை விட்டு இறங்கக் கூடாது. அவள் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். லைன் வீடுகளை அவள் இன்னும் லயம் என்றுதான் சொல்வாள். ஏழு மாதத்தில் அந்த டிவிஷனில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதைச் செய்தியாக்க எந்த டிவியும் வரவில்லை.

ஏப்ரல் நான்காம் தேதி காலை, ஒற்றை ஆண் யானை பிள்ளைக் காப்பகத்துப் பக்கம் நிற்பதாகக் காவலர் சொன்னார். ஜெஸிந்தா ரோட்டில் நின்று அழைக்க ஆரம்பித்தாள். அப்போது கொண்டல் டிவியின் கேமராக்காரன் பெனிஸ் பைக்கில் வந்து இறங்கினான். யானையைப் படம் எடுக்கக் கீழே போகப் பார்த்தவனைக் கையை நீட்டி மறித்து, “தம்பி, ரோட்டை விட்டு இறங்காதீங்க. உங்களைத் தூக்க என்கிட்ட ஆள் இல்லை” என்றாள். அவன் முறைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அடுத்த போனில் ஒரு பெண், “யானைக்கு மட்டும் வாரத்துல ஒரு நாள் லீவே கிடையாதாக்கா?” என்று கேட்டாள். ஜெஸிந்தா சிரித்தாள். பெனிஸ் அதைப் பிடித்துக்கொண்டான். தன்னை யானைக்கு முன்னால் போகவிடாமல் காப்பாற்றியவளை, வேலை நேரத்தில் அரட்டை அடிக்கிறவளாக ஊருக்குக் காட்டினான். இதற்கு நன்றிகெட்டதனம் என்ற சொல் போதாது.

வேலாமணி என்ற தொழிலாளிக்கு நான்கு முறை அடித்தும் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வதற்குள் கீழே அலறல் கேட்டது. யானையைப் பார்த்து ஓடிய வேலாமணி கால்வாயில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கிடந்தாள். யானை அவளைத் தொடவே இல்லை. ‘யானை மிதித்தது’ என்று சொன்னது கொண்டல் டிவி மட்டும்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் வேலாமணி ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, எங்க ஊட்டுல பிளக்கு கெட்டு மூணு மாசமாச்சுங்க. ராத்திரி போனைக் காப்பகத்துலதான் சார்ஜுக்குப் போடுவேன். நீங்க கூப்பிடுவீங்களேன்னு அதை எடுக்கத்தான் இறங்குனேன்.”

இறங்காதே என்று சொல்லப்போகும் போனைக் கேட்பதற்காக இறங்கியிருக்கிறாள்.

“ஆபீசுல என்ன சொன்னே?”

“வேலைக்கு வர்ற வழியில விழுந்தேன்னு சொல்லிட்டனுங்க. இல்லாட்டி அடிபட்டதுக்கு லீவு, சம்பளம் எதுவும் தர மாட்டாங்களாம். நீங்க மாத்திச் சொல்லிராதீங்க அக்கா.”

“மாத்திச் சொல்லல. அப்படியே இருக்கட்டும்.”

இது பொய்தான் என்று நியாயம் பேச வருகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம். மூன்று மாதமாக ஒரு பிளக் மாற்றிக் கொடுக்காத எஸ்டேட், அந்தப் பிளக்கால் முறிந்த காலை ‘வேலையில் முறிந்த கால் அல்ல’ என்று சொன்னால், அதற்கு என்ன பெயர்?

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடத்தில், சந்துரு அவளைத் தனியே அழைத்தார்.

“ஏனுங்க ஜெஸிந்தா, நேத்து நியூஸ் பார்த்தீங்களா? மேலிருந்து கூப்பிட்டுக் கேக்கறாங்க. வேலாமணிக்கு நீங்க போன் பண்ணீங்களா இல்லீங்களா?”

“நாலு தடவை பண்ணேன் சார். எடுக்கல.”

“எடுக்காட்டி எப்படி இறங்குனாங்க?”

சந்துரு தலையைச் சொறிந்தார்.

“நீங்க பேசாம நின்னா நான் என்னங்க எழுதறது? ஒண்ணு பண்ணுங்க. அந்த டிவிக்காரங்களே தப்பாப் போட்டுட்டோம்னு சொல்லட்டும். மாசக் கடைசிக்குள்ள வந்தா கன்ஃபர்ம் பண்ணிரலாம். இல்லாட்டி பழையபடி கூடையை மாட்டிக்குங்க.”

எஸ்டேட்டின் ஃபீல்டு ஆபீசருக்கு ஏழு மாதம் கண்ணெதிரே நடந்த வேலை சாட்சி ஆகவில்லை. கோமாளிச் சத்தம் போட்ட டிவி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

ஜெஸிந்தா முதலில் சங்கத்துச் செயலாளரிடம் போனாள். “டிவிக்காரனைப் பகைச்சுக்காதம்மா, போனஸ் போராட்டத்துக்கு அவன் நமக்கு வேணும்” என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் அவளை நிறுத்தி, “சிலுவையில தொங்கினவரே மன்னிச்சாரும்மா” என்றார். “அவரைப் பத்தி எட்டு மணிச் செய்தியில போடலையே ஃபாதர்” என்றாள் ஜெஸிந்தா. அடி வாங்கியவளிடம் மன்னிக்கச் சொல்வது சுலபம். அடித்தவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று சொல்ல மேட்டில் பைக் ஏற வேண்டும், பெட்ரோல் செலவாகும்.

கோவையில் நர்சிங் படிக்கும் மகள் யூனிஸ்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். டிவியில் வந்ததைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேலே போகலாம். ஜெஸிந்தா இரண்டு பக்கம் எழுதினாள். வேலாமணியின் போனைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. அதில் இருந்தது இது: “போன் பேசுவது என் வேலை. நான் பேசாமல் இருந்திருந்தால்தான் செய்தி. உங்கள் கேமராக்காரரை யானைப் பக்கம் போகாமல் நிறுத்தியவள் நான். அதையும் அவர் எடுத்திருப்பார், அதைக் காட்டவில்லை. போன வருடம் ஒன்றாம் டிவிஷனில் யானை அடித்து ஒருவர் இறந்தார். அப்போது சூப்பர்வைசர் ஆண். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. ‘விதி விளையாடியது’ என்று சொன்னீர்கள். ஆண் மேற்பார்வை பார்த்தால் விதி, பெண் பார்த்தால் போனா? எட்டு மணிச் செய்தியில் சொன்னது தவறு என்று எட்டு மணிச் செய்தியிலேயே சொல்ல வேண்டும்.”

படித்த பட்டதாரிகள் நடத்தும் பத்திரிகைகளின் தலையங்கங்களில் இவ்வளவு நேரான வாக்கியங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொண்டல் டிவியின் அலுவலகம் பந்தலூர் கடைவீதியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில். கேபிள் இணைப்புக் கொடுப்பதும் அவர்களே, செய்தி வாசிப்பதும் அவர்களே. எனவே புகார் வாங்க ஒரே நோட்டுதான் இருந்தது. அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தது: படம் வரவில்லை, சத்தம் வரவில்லை, ரிமோட் வேலை செய்யவில்லை, மற்றவை. கவுண்டரில் இருந்தவர் ஜெஸிந்தாவின் இரண்டு பக்கத்தையும் வாங்கிக்கொண்டு ‘மற்றவை’யில் ஒரு டிக் அடித்தார். முத்திரை குத்தி நகல் தரும்வரை அவள் நகரவில்லை.

மூன்றாம் நாள் கேபிள் மெக்கானிக் கமலேஷ் ஏணியோடு லயத்துக்கு வந்துவிட்டார்.

“என்னக்கா கம்ப்ளைண்ட்? படம் தெரியுதா?”

“தெரியுது.”

“சத்தம்?”

“கேக்குது. அதுல சொல்றதுதான் சரியில்லை.”

கமலேஷ் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்து, “அதுக்கு என்கிட்ட ஸ்பேர் இல்லைக்கா” என்றார். அவர் மேடு இறங்குவதற்குள் ஜெஸிந்தாவின் போனுக்குச் செய்தி வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’

அடுத்த நாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டு அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள். உரிமையாளர் தினகரன் சுழல் நாற்காலியில் இருந்தார். மூலையில், செய்தி வாசிக்கும் ஷண்முகப்ரியா பட்டு ரவிக்கைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“அட, அது ஜாலிக்குப் போட்டதும்மா. ஊரே சிரிச்சுது, தெரியுமா?” என்றார் தினகரன்.

“நான் சிரிக்கல.”

“நீதான் சிரிச்சே. அதைத்தான் நாங்க காட்டினோம்.” தன் பேச்சை அவரே ரசித்துக்கொண்டார்.

“நீங்கன்னு பேசுங்க. நானும் நீன்னு ஆரம்பிச்சா உங்களுக்கு நல்லா இருக்காது.”

தினகரன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஜெஸிந்தா மூலைப் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, அதை வாசிச்சது நீங்கதானே?”

“எழுதிக் கொடுக்கறதைத்தான் வாசிக்கறேன் அக்கா.”

“நடுவுல சிரிச்சீங்களே, அது?”

ஷண்முகப்ரியா தினகரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினாள். அன்றைய செய்திதான். ஒரு பெண் ஊராட்சித் தலைவரைப் பற்றிய வரிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அச்சடித்திருந்தது: ‘சிரிக்கவும்.’ அடுத்த வரியில் ஆண் எம்.எல்.ஏ. ஒருவர் பாலம் திறந்திருந்தார். அங்கே அடைப்புக்குறி இல்லை.

“தாளை வை” என்றார் தினகரன். அவள் வைத்துவிட்டாள். பெண்ணைப் பெண்ணை வைத்தே சிரிக்க வைத்தால் தன் கையில் அழுக்கு ஒட்டாது என்பது இவர்களுடைய கணக்கு.

பிறகு தினகரன் குரலைக் குழைத்தார். மே தினத்துக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி வருகிறதாம். ‘உழைக்கும் மலைமகள்’ என்று ஒரு விருது. பட்டுச்சேலையில், மல்லிகைப்பூ வைத்து, கூடையோடு ஜெஸிந்தா வந்து நின்றால் அரை மணி நேரம் அவளைப் பற்றியே பேசலாம். “குடும்பத்தையும் பார்த்துக்கிட்டு, தோட்டத்தையும் பார்த்துக்கிட்டு... பொம்பளைங்க எல்லாம் கண்ணு கலங்கிருவாங்க. போனதை விட்டுருங்க.”

“எட்டு மணிக்குத் தப்புன்னு சொல்லுங்க. விருதை வேற யாருக்காவது கொடுங்க.”

“அது நடக்காதும்மா. செய்தின்னா செய்திதான். திருப்பி எடுத்தா நாளைக்கு எவன் மதிப்பான்?”

“இப்ப யார் மதிக்கறாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கினாள்.

பதினைந்து நாள் முடிந்தது. பதில் வரவில்லை. வந்தது பெனிஸ். இந்த முறை வேலாமணியின் வீட்டுக்கு. புகார் மேலே போகும் என்று தினகரனுக்குத் தெரிந்துவிட்டது. தன் பக்கத்துக்கு ஓர் அழுகை தேவைப்பட்டது.

காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த வேலாமணியை வாசலுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தான். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னான், ஏழைபோலத் தெரியவில்லையாம். கொழுந்துக் கூடையை எடுத்துவந்து முதுகில் மாட்டினான். லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் தங்கள் போனிலும் எடுத்தார்கள்.

“அக்கா, சிம்பிள்தான். சூப்பர்வைசரம்மா போன்ல அரட்டை அடிச்சாங்க, எனக்குச் சொல்லவே இல்லைன்னு சொல்லுங்க. அப்படியே கொஞ்சம் அழுதா போதும்.”

வேலாமணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏந்தம்பி, காலு ஒடிஞ்சு கெடக்கறவ கூடையை மாட்டிட்டு எங்க போவா? உன்ற ஊட்டுல இப்படித்தான் பண்ணுவாங்களா?”

“அது படத்துக்குக்கா. அழுங்க.”

“அழுவறேன், அழுவறேன். நீ பொட்டியைப் போடு.” கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. “அன்னிக்கு ஜெஸிந்தாக்கா என்னைய நாலு வாட்டி கூப்பிட்டாங்க. என்ற போன் காப்பகத்துல சார்ஜுல கெடந்துச்சு. எங்க ஊட்டுல பிளக்கு இல்லை, மூணு மாசமா எழுதிக் குடுத்தும் எவனும் வந்து பாக்கல. போனை எடுக்கத்தான் நானே முன்னாடி இறங்குனேன். தப்புப் பண்ணுனவ நானு, பண்ண வெச்சது எஸ்டேட்டு, பொய் சொன்னது உங்க டிவி. இதுல அந்த அக்கா எங்க வந்தாங்க? போதுமா? கூடையைக் கழட்டு, முதுகு வலிக்குது.”

பெனிஸ் அதை ஒளிபரப்பவில்லை. ஆனால் பெண்களின் போனில் இருந்தது அன்று மாலைக்குள் சேரம்பாடி முழுக்கச் சுற்றிவிட்டது. சந்துருவும் பார்த்தார். எஸ்டேட் எவ்வளவு வேகமாக வேலை செய்யக்கூடியது என்பது மறுநாள் காலை தெரிந்தது. அலுவலகத்தில் இரண்டு தாள் தயாராக இருந்தன. ஒன்று, ஜெஸிந்தாவை சூப்பர்வைசராக நிரந்தரமாக்கும் தாள். மற்றது, வேலாமணியின் அடிபட்ட லீவை ரத்து செய்யும் தாள்.

“உங்க பேரு சுத்தமாயிருச்சுங்க. கையெழுத்துப் போடுங்க” என்றார் சந்துரு.

ஜெஸிந்தா இரண்டாவது தாளை எடுத்துப் படித்தாள்.

“அவ உண்மை சொன்னதுக்கா சார் இது?”

“ரூல்ஸுங்க. வேலைக்கு வர்ற வழியில இல்லீங்களே.”

“வேலைக்கு வரலாமா வேண்டாமான்னு கேக்கப் போன வழி. அது வேலை இல்லையா? பிளக் இருந்தா அவ வீட்டுலயே கேட்டிருப்பா. இந்தத் தாளைக் கிழிங்க, நான் அதுல கையெழுத்துப் போடறேன்.”

“போடாட்டி போஸ்ட் போயிருமுங்க. மாசக் கடைசி நாளானிக்கு.”

“தெரியும் சார்.”

அவள் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கூடை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். அடுத்த நாள் காலை ஃபேக்டரியிலிருந்து ஓர் ஆண் சூப்பர்வைசரை சந்துரு அனுப்பினார். அவர் ஏழரைக்கு விசில் ஊதினார். ஒருவரும் லயத்துப் படியை விட்டு இறங்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. வனக் காவலரின் நம்பரும் அவரிடம் இல்லை. கோடை மழை பெய்து கொழுந்து முட்டிக்கொண்டு வரும் காலம். இரண்டு நாள் விட்டால் இலை முற்றிவிடும். முதல் நாள் போனது. இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு சந்துரு தானே லயத்துக்கு வந்து, வேலாமணியின் லீவை ரத்து செய்யும் தாளை அவள் கட்டிலருகிலேயே கிழித்தார். “நீங்க எல்லாரும் சேர்ந்துக்கிட்டு என்ற வேலையைக் காலி பண்ணப் பாக்கறீங்க” என்றார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார், நீங்க ஆம்பளை” என்றாள் வேலாமணி. ஜெஸிந்தா நிரந்தரத் தாளில் கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகுதான். பிளக் மட்டும் இன்னும் மாற்றவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்குக் கொண்டல் டிவி ‘தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் அடாவடி’ என்று ஒரு செய்தி போட்டது. ஜெஸிந்தா அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதிச் சேர்த்து, புகாரை ஊட்டியில் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினாள். ஜூன் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பஸ் மாறிப் போனாள்.

வராந்தா பெஞ்சில் தினகரன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இப்போது நீங்க என்றுதான் பேசினார்.

“அதான் போஸ்ட் கிடைச்சிருச்சே. இன்னும் என்னதாம்மா வேணும் உங்களுக்கு?”

“எட்டு மணிச் செய்தியில தப்புன்னு சொல்லணும். அதுதான் நான் கொடுத்த புகார். போஸ்ட்டை நான் உங்ககிட்ட கேக்கவே இல்லை.”

உள்ளே கூப்பிட்டார்கள். தினகரனின் வக்கீல் வரவில்லை என்று சொல்லி அடுத்த மாதம் பதினேழாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். ஜெஸிந்தா ஊர் திரும்பியதும் பதினேழாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.